கட்டிக்கொடுத்தவர்கள் கவனத்துக்கு

ஒரு பள்ளிக்கோ, சிற்றிதழுக்கோ, கிளினிக்குக்கோ, கோயில் அறக்கட்டளைக்கோ இணையதளம் கட்டிக் கொடுத்துவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அந்தத் தளத்துக்குள் அட்மினாக நுழையுங்கள். ட்ரூபல் என்றால் நிலை அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் அப்டேட் பக்கம். அங்கே எத்தனை எச்சரிக்கை நிற்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

தளம் ட்ரூபல் 7-இல் ஓடுகிறதென்றால் நிலைமை இன்னும் மோசம். 2011 ஜனவரி 5 அன்று வெளிவந்த பதிப்பு அது. முதலில் 2021 நவம்பரோடு அதற்கான ஆதரவை முடித்துக்கொள்வதாக இருந்தார்கள். கொரோனா வந்தது, ஓராண்டு தள்ளினார்கள். பிறகு 2023 நவம்பர் என்றார்கள். கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று, பிறந்து சரியாக 14 ஆண்டு முடிந்த நாளில், நிறுத்திவிட்டார்கள். இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ட்ரூபல் பாதுகாப்புக் குழு உங்களுக்காகத் திருத்தம் எழுதாது. இத்தனை முறை அவகாசம் கொடுத்த பிறகும் அந்தத் தளத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்றால், தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட் 2001 ஜனவரியில் ட்ரூபலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 2009 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் தளமே அதன்மேல் ஏறியது. ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துக் காக்கும் நூலகம் நிறுவனம் தன் ஆவணகத்தை அமைத்தது ஐலண்டோராவில். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த ஐலண்டோராவும் ட்ரூபல் மேல்தான் நிற்கிறது. இவ்வளவு பேர் இதைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: கோர் என்கிற நடுப்பகுதி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. யார் உள்ளே வரலாம், வந்தவர் என்ன செய்யலாம், எழுதியதை எங்கே சேமிப்பது என்கிற அடிப்படைகளை மட்டும் பார்த்துக்கொண்டது. மற்றதையெல்லாம் மாட்யூல்களுக்கு விட்டது. படிவம் வேண்டுமா, வெப்ஃபார்ம். பட்டியல் வேண்டுமா, வியூஸ். பக்கத்தின் முகவரி படிக்கிற மாதிரி இருக்கவேண்டுமா, பாத்ஆட்டோ. வேர்ட்பிரஸில் இதையே பிளகின் என்கிறோம்.

இறக்கி, போட்டு, ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. அந்தச் சுலபம்தான் நம்மைக் கெடுத்தது. ஏனென்றால் மாட்யூல் ஒவ்வொன்றும் தளத்தின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. விழா நாட்களைக் காலண்டரில் காட்டுவதற்கென்று நீங்கள் போட்ட மாட்யூலால், எழுதியவர் நினைத்தால், மாணவர் பட்டியலைப் படிக்கவும் முடியும், அழிக்கவும் முடியும். காலண்டருக்கும் பட்டியலுக்கும் நடுவே சுவர் கிடையாது. 60 மாட்யூல் போட்ட தளத்தில், முகம் தெரியாத 60 கூட்டத்தாரின் யோக்கியதையை நம்பி ஒரு பள்ளியின் பெயரை ஒப்படைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அவர்கள் நல்லவர்கள்தான். தங்கள் வேலை நேரம் போக உட்கார்ந்து எழுதி, காசு வாங்காமல் கொடுப்பவர்கள். ஆனால் நல்லவர் எழுதிய நிரலிலும் ஓட்டை விழும்.

எப்படி விழும் என்பதற்கு 2014 அக்டோபர் 15-ஐ விட நல்ல பாடம் கிடையாது. புதன்கிழமை. தமிழ்நாட்டில் தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம். இந்திய நேரம் இரவு ஒன்பதரை மணிவாக்கில் ட்ரூபல் பாதுகாப்புக் குழு அறிவித்தது: ஓட்டை மாட்யூலில் இல்லை, ட்ரூபல் 7-இன் கோரிலேயே இருக்கிறது, உடனே 7.32-க்கு மாறுங்கள். ஜெர்மனியில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டை. வேடிக்கை என்னவென்றால், டேட்டாபேஸுக்குக் கெட்ட கட்டளை போய்விடாமல் வடிகட்டுவதற்கென்றே எழுதப்பட்ட பகுதியில்தான் அது இருந்தது. வெளியிலிருந்து வரும் மதிப்புகளை அந்தப் பகுதி ஒழுங்காகச் சுத்தம் செய்தது. அவை தொகுப்பாக வரும்போது ஒவ்வொரு மதிப்பின் மேலும் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டும் சோதிக்காமல் அப்படியே கட்டளைக்குள் கோத்துவிட்டது. லாக்-இன் பெட்டியில் பெயர் தட்டுகிற சாக்கில், பாஸ்வேர்ட் எதுவும் தெரியாத ஒருவன் தன்னை அட்மின் ஆக்கிக்கொள்ள அது போதும்.

திருத்தம் ஒரே வரி. பெயர்ச்சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மதிப்புகளை 0, 1, 2 என்று எண்ணி எடுத்துக்கொள் என்கிற வரி. அதைப் போட எவ்வளவு அவகாசம் இருந்தது தெரியுமா? இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, அதே குழு இன்னோர் அறிவிப்பு கொடுத்தது. முதல் அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ட்ரூபல் 7 தளம் ஒவ்வொன்றையும், வேறு ஆதாரம் கிடைக்கும்வரை, ஊடுருவப்பட்டதாகவே எண்ணிச் செயல்படுங்கள் என்றது. நம் கணக்கில் அந்த ஏழு மணி நேரம் இரவு ஒன்பதரையிலிருந்து விடியற்காலை நாலரை. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் தளம் பார்த்துக்கொள்பவர்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த இரண்டாம் அறிவிப்பில் ஒரு வரி மறக்கவே கூடாதது. நீங்கள் போடாமலே உங்கள் தளத்தில் திருத்தம் போடப்பட்டிருக்கிறதா? அதுவே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே புகுந்த சிலர், பின்னால் வேறு யாரும் வந்துவிடாமல் தாங்களே ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்றார்கள். மறுபடி நுழைவதற்கென்று பின்கதவை வைத்த இடமும் சாமர்த்தியமானது. எந்த முகவரிக்கு எந்த வேலை என்று குறித்துவைக்கும் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு வரியாகச் சிலர் அதை நுழைத்துவிட்டுப் போனார்கள். ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தவருக்கு எல்லாம் சுத்தமாகவே தெரியும். ஆகவே குழு சொன்ன பரிகாரம் கடுமையானது: அக்டோபர் 15-க்கு முந்தைய பேக்கப்பை எடுத்துத் தளத்தை அதிலிருந்து எழுப்புங்கள். இரண்டு வாரம் பழைய பேக்கப், அதுவும் அதே சர்வரில் கிடக்காமல் வேறிடத்தில் இருக்கிற பேக்கப். உங்களிடம் இன்றைக்கு அப்படி ஒன்று இருக்கிறதா?

2018-இல் அடுத்த பெரிய ஓட்டை தெரியவந்தபோது குழு பாடம் கற்றிருந்தது. மார்ச் 28 அன்று இன்ன நேரத்தில் திருத்தம் வரும், நேரம் ஒதுக்கி வையுங்கள் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டது. நமக்கு அது இரவு பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் இடையே. அந்த முறை தாக்குதல் பெருக இரண்டு வாரம் ஆனது. ஓட்டையின் உட்கூறுகள் வெளியான கையோடு தொடங்கிவிட்டது. விழுந்த சர்வர்கள் பலவற்றில் எவனுக்கோ கிரிப்டோ காசு தோண்டிக் கொடுக்கும் நிரலைக் குடிவைத்தார்கள்.

ட்ரூபலின் பாதுகாப்பு அறிவிப்புகள் வழக்கமாக வெளிவருவது புதன்கிழமைகளில். அதனால் வியாழக்கிழமை காலை உங்களுக்குச் சொந்தமானதல்ல, நீங்கள் கட்டிய தளங்களுக்குச் சொந்தமானது. அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். வியாழன் காலை அதைப் படித்தபின் வேறு வேலையைத் தொடுங்கள். முதலில் பேக்கப், பிறகு சோதனைப் பிரதியில் அப்டேட், சரியாக இருந்தால் உண்மைத் தளத்தில். அவசர ஓட்டை என்றால் தளத்தைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டாவது நேராகப் போடுங்கள். அரை நாள் தளம் படுத்துக்கிடப்பதால் எந்தப் பள்ளியும் மூடிவிடாது.

“பராமரிப்புக்கு யார் சார் காசு தர்றாங்க?” என்று கேட்பீர்கள். கேட்டால் தருவார்கள், கொட்டேஷன் போடும்போதே கேட்டிருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு 25,000 ரூபாய் என்று எழுதுகிற அதே தாளில் ஆண்டுப் பராமரிப்பு இவ்வளவு, அதில் இன்னின்ன வேலை அடக்கம் என்று எழுதாமல் விடுவது, கேட்டால் வேலை கைநழுவிவிடும் என்கிற பயத்தில். அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கப்போவது நீங்களல்ல, வாடிக்கையாளர். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) வேண்டாம் என்று அவர் மறுத்தால் சரி, மாட்யூல் குறைந்த தளமாகக் கட்டிக்கொடுங்கள். அல்லது, பராமரிக்க ஆள் இல்லாத இடத்துக்கு இந்த மாதிரித் தளமே வேண்டாம், நாலு பக்கம் வெறும் எச்டிஎம்எல் போதும் என்று நேராகச் சொல்லுங்கள். வருமானம் குறையும்தான். குறைந்துவிட்டுப் போகட்டும்.

எந்த மாட்யூலைப் போடுவது என்பதில்தான் நம் ஆட்களுக்குக் கை அடங்குவதில்லை. முகப்பில் படங்கள் நகர ஒன்று, பனி பெய்ய ஒன்று, வந்தவர் எண்ணிக்கை காட்ட ஒன்று. போட்ட பிறகு பிடிக்காமல் போனால் அணைத்துவிட்டு மறந்துவிடுவது. அணைத்தால் ஆபத்து போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் 2016 ஜூலையில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடர் என்றொரு மாட்யூல். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலைச் சரிபார்த்துக்கொள்ளப் பயன்படுத்துவது, பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அதற்கு வேலையே இல்லை. அதில் ஒரு ஓட்டை. அந்த மாட்யூல் இயக்கத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஃபோல்டர் சர்வரில் சும்மா கிடந்தாலே போதும், வெளியாள் அதன் வழியாகத் தான் நினைத்த நிரலை ஓட்டலாம். தேவையில்லாததை அணைக்காதீர்கள், நீக்குங்கள். நீக்கிய பிறகு சர்வருக்குள் போய் ஃபோல்டரும் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

போடுவதற்கு முன் ட்ரூபலின் மாட்யூல் பக்கத்தில் ஒரு கேடயக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் குழுவின் மேற்பார்வைக்குள் வந்த மாட்யூல்களின் நிலையான பதிப்புகளுக்கு மட்டும்தான் அது. ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் போட்ட பதிப்பில் ஓட்டை தெரியவந்தால் குழு அறிவிப்பு கொடுக்காது. வியாழன் காலை நீங்கள் எவ்வளவு ஒழுங்காக அஞ்சல் படித்தாலும் தெரியவராது. கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, குறை சொல்லி எழுதியவர்களுக்குப் பதில் வருகிறதா என்றும் பாருங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் மாட்யூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

நன்றாக நடந்துகொண்டிருந்த பிளகினும் கை மாறலாம். வேர்ட்பிரஸில் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒன்று இருந்தது, ஏறக்குறைய 2 லட்சம் தளங்களில். எழுதியவர் 2017-இல் அதை விற்றார். வாங்கியவர் அடுத்தடுத்த அப்டேட்களில் விளம்பரக் குப்பையைத் தளங்களுக்குள் திணிக்கும் நிரலைச் சேர்த்தார். வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து நீக்கினார்கள், திரும்ப வந்தது, மறுபடி நீக்கினார்கள். அதன் தந்திரம் எளிமையானது: லாக்-இன் செய்திருப்பவர் கண்ணுக்குக் குப்பை தெரியாது, வெளியாருக்கு மட்டும் தெரியும்.

இந்த வகைத் தந்திரம் எங்கே போய் முடியும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. தலைமையாசிரியர் போன் செய்கிறார்: “தம்பி, நம்ம ஸ்கூல் பேரை கூகுள்ல தட்டுனா ரம்மி விளம்பரம் வருதுன்னு பேரன்ட்ஸ் சொல்றாங்களே, என்னப்பா இது?” நீங்கள் தளத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். ஆண்டு விழாப் படம் ஜம்மென்று நகர்கிறது. “இல்லையே மேடம், எனக்கு நல்லாத்தான் தெரியுது. அவங்க போன்லதான் ஏதோ வைரஸ்” என்கிறீர்கள். இந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். அது பொய் என்று உங்களுக்கே தெரியாமல் சொல்கிற பொய். லாக்-அவுட் செய்யுங்கள், வேறு போனில், வேறு நெட் இணைப்பில், கூகுள் தேடல் வழியாக அந்தத் தளத்துக்குள் வாருங்கள். கூகுளில் அந்தத் தளத்தின் பக்கங்களை மட்டும் வரவழைத்துப் பட்டியலைக் கடைசிவரை பாருங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய மொழிப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். கூகுள் தனிப் பெயர் வைத்து, துப்புரவுக் குறிப்பே வெளியிட்டிருக்கும் அளவுக்கு அது பரவலான நோய்.

காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம், பிளகின் ஆகியவற்றை, உரிமப் பூட்டு உடைத்த ‘நல்டு’ பிரதியாக இறக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தைப் பேசினால் நீங்கள் வாதாடுவீர்கள். வேர்ட்பிரஸ் உலகத்தின் உரிமமே பிரதியெடுத்துப் பகிர இடம் கொடுக்கிறதே என்பீர்கள். பெருமளவு உண்மைதான், அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். 60 டாலர் பொருளை முன்பின் தெரியாத ஒருவன் சும்மா கொடுக்கிறான் என்றால் அதற்குள் என்ன வைத்துக் கொடுக்கிறான் என்று ஏன் கேட்டுப் பார்ப்பதில்லை? அதைவிட, வாடிக்கையாளர் பில்லில் அதன் விலையை எழுதி வாங்கிவிட்டு இறக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தமிழில் திருட்டு என்று பெயர். உண்மைப் பிரதி இல்லையென்றால் அப்டேட்டும் வராது. அந்தத் தளம் போட்ட நாளிலிருந்தே பழசாகிக்கொண்டு போகும்.

கோரில் கை வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு சின்ன மாற்றத்துக்காகக் கோர் ஃபைலைத் திறந்து நாலு வரி சேர்ப்பவர், அடுத்த அப்டேட்டில் அந்த நாலு வரி போய்விடும் என்பதால் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார். ஒரு பொத்தானின் நிறத்துக்காகத் தளம் முழுவதையும் நிராயுதபாணியாக நிறுத்துவது அது. மாற்றம் வேண்டுமென்றால் தனி மாட்யூலாக எழுதுங்கள். மாடுலர் ஏற்பாட்டின் பயனே அதுதானே.

இதுவரை சொன்னது தொழில் ஒழுக்கம். இனிச் சொல்லப்போவது அதற்கும் மேலே. சேர்க்கைப் படிவம் என்று ஒன்றைப் பள்ளித் தளத்தில் வைக்கிறீர்கள். வெப்ஃபார்மில் ஒரு புலம் சேர்க்க அரை நிமிடம் போதும் என்பதால், கேட்கத் தோன்றுவதையெல்லாம் கேட்கிறீர்கள்: குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஆதார் எண், சாதி, அப்பாவின் வருமானம், அம்மாவின் போன் நம்பர், சாதிச் சான்றிதழின் படம். பெற்றோர் ராத்திரி வேலை முடிந்து வந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் நிரப்புகிறார்கள். சேர்க்கை முடிகிறது. அந்த விவரமெல்லாம் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், டேட்டாபேஸில் அப்படியே கிடக்கிறது. மேலே சொன்ன ஏதாவது ஒரு ஓட்டைக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது.

படங்களின் கதி இன்னும் மோசம். ட்ரூபலில் ஏற்றும் ஃபைல்கள், நீங்கள் வேறு மாதிரி அமைக்காவிட்டால், பொது ஃபோல்டருக்குப் போகும். ட்ரூபல் 7-இல் வெப்ஃபார்ம் வழியாக வந்தவை அதற்குள் வெப்ஃபார்ம் என்ற பெயரிலேயே ஓர் உள் ஃபோல்டரில் சேரும். முகவரி தெரிந்த எவரும் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கலாம். முகவரியை ஊகிப்பதும் கடினமல்ல, ஏனென்றால் போனில் எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் தேதிதான் பெயர். சர்வரில் ஃபோல்டர் பட்டியல் திறந்திருந்தால் ஊகிக்கவே வேண்டாம், கூகுளே எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு பெண் குழந்தையின் சான்றிதழும் வீட்டு முகவரியும் அந்த நிலையில் இருக்கலாமா? தனியார் ஃபைல் ஃபோல்டரை வலைத்தளத்தின் வேருக்கு வெளியே அமைத்து, படிவத்தின் ஏற்றுப் புலத்தை அதற்குத் திருப்பிவிடுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இன்றைக்கே செய்யுங்கள். செய்தபின் பழைய ஃபோல்டரில் ஏற்கனவே கிடப்பவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தேவையில்லாததைக் கேட்காமலிருப்பது இதைவிட நல்லது. ஆதார் எண் எதற்கு என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். “எல்லா ஸ்கூலும் கேக்குறாங்க” என்பது பதிலாகாது. சேர்க்கை முடிந்து இத்தனை நாளில் அழிக்கப்படும் என்று படிவத்திலேயே எழுதி, எழுதியபடி அழியுங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வைத்திருக்கிறது. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்கிறது. அதாவது உங்கள் அலட்சியத்துக்காகப் பள்ளி கூண்டில் ஏறும். சேதம் நடந்துவிட்டால் மறைக்கவும் கூடாது: இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு. சத்தமில்லாமல் துடைத்துவிட்டு “சின்ன டெக்னிகல் பிராப்ளம் மேடம், சரி பண்ணிட்டேன்” என்று சொல்வது சட்டத்துக்கும் நேர்மைக்கும் சேர்ந்தே செய்கிற துரோகம். யார் விவரம் போனதோ அந்தப் பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என்று நிர்வாகத்தை வற்புறுத்துங்கள்.

டொமைனை உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? நாளைக்கே உரிமையாளர் பெயருக்கு மாற்றுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறதா? அவர் போனுக்கு மாற்றுங்கள். ‘அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நானே பாத்துக்கிறேன்’ என்று தொடங்குவது, மூன்றாம் வருடம் பாக்கிக் காசுக்காகத் தளத்தையே பிணையாகப் பிடித்துவைப்பதில் போய் நிற்கிறது. பாக்கி இருந்தால் கேளுங்கள், நோட்டீஸ் அனுப்புங்கள். அடுத்தவர் பெயரை அடகு வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. உங்களுக்கே ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் யோசியுங்கள். டொமைன் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, புதுப்பிக்கும் தேதி எது, போட்டிருக்கும் மாட்யூல்கள் எவை, எதை எதற்காகப் போட்டீர்கள் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி உரிமையாளர் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைத் தனி உறையில். முதல் அட்மின் கணக்கை எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தாமல் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். செய்தி மட்டும் போடுகிற ஆசிரியைக்குச் செய்தி போடும் அனுமதி மட்டும் போதும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அவர் விடைபெறும் நாளிலேயே முடக்குங்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்பவர்களிடம் ஒரே கேள்வி: அதிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்த்தது எப்போது? டேட்டாபேஸ் மட்டும் இருந்து ஃபைல்கள் இல்லாத பேக்கப், பாதியில் நின்றுபோன பேக்கப், தளத்துடன் அதே சர்வரில் இருந்து அதோடு சேர்ந்தே எரிந்துபோகிற பேக்கப், இவற்றையெல்லாம் எழுப்பிப் பார்க்கிறபோதுதான் கண்டுபிடிக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கணினியில் எழுப்பிப் பாருங்கள். ஒரு மாதம் பழையது ஒன்றாவது கைவசம் இருக்கட்டும். ஏன் என்பது அக்டோபர் 2014-இல் தெரிந்துவிட்டது.

உள்ளடக்கம் ஏற்றுபவருக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். சுற்றறிக்கையை அச்செடுத்து, போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை ஏற்றுகிறார்கள். தேடினால் கிடைக்காது, பார்வையற்ற பெற்றோரின் திரைவாசிப்பான் அதன் முன் ஊமையாகிவிடும். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழைத் தாராளமாக வாசிக்கும், எழுத்து எழுத்தாக இருந்தால். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றச் சொல்லுங்கள். தேதி, ஆசிரியர், இதழ் எண் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டாமல் தனித்தனிப் புலங்களாக வைத்தால், பத்து வருடம் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறும்போது அந்தச் சிற்றிதழ் உங்களை வாழ்த்தும்.

கடைசியாக, மூடவேண்டிய தளம். அறக்கட்டளை கலைந்துவிட்டது, இதழ் நின்றுவிட்டது, கருத்தரங்கு முடிந்து நாலு வருடமாகிறது. தளம் மட்டும் ட்ரூபல் 7-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றிய ஆழ்துளைக் கிணற்றை மூடாமல் விட்டுப் போகிறவனை நம் ஊரில் யாரும் மன்னிப்பதில்லை. மூடுகிற வேலையும் உங்களுடையதே. முதலில் படிவங்களை எடுத்துவிடுங்கள், கருத்துப் பெட்டியை அடையுங்கள். பிறகு பக்கங்கள் எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல் ஃபைல்களாக இறக்கி, அதே முகவரியில் வைத்துவிடுங்கள். அதற்கு டேட்டாபேஸும் வேண்டாம், மாட்யூலும் வேண்டாம், வியாழக்கிழமையும் வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முக்கியப் பக்கங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றைச் சேருங்கள். டொமைனைப் புதுப்பிக்காமல் உடனே விட்டுவிடாதீர்கள். காலாவதியாகிக் கைவிட்டுப் போனதும் எவனாவது அதை எடுத்துச் சூதாட்டக் கடை திறப்பான், பாடப்புத்தகத்திலும் அழைப்பிதழிலும் அச்சாகியிருக்கும் முகவரி அங்கே கொண்டுபோய் விடும். இன்னும் சில வருடத்துக்காவது புதுப்பித்து வைக்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸின் பிரதி ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு சர்வரில் இருப்பதை அழியுங்கள், உங்கள் லேப்டாப்பில் இருப்பதையும் சேர்த்து. ஹோஸ்டிங் நிறுவனம் தன் பக்கத்தில் வைத்திருக்கும் பழைய பேக்கப்புகளையும் அழிக்கச் சொல்லி டிக்கெட் போடுங்கள். அழித்தாயிற்று என்று அவர்கள் எழுதித் தந்தபின் உரிமையாளருக்கு அதன் நகலை அனுப்பிவிடுங்கள்.